கிஜிகோவின் நான்கு சென்டிமீட்டர்

யானைக்கன்று ஒன்றை நான் நான்கு சென்டிமீட்டர் குள்ளமாக்கிவிட்டேன். அதைத் தொடக்கூட இல்லை. அது ஆற்றங்கரையில் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில், எங்கள் முகாம் கொட்டகைக்குள் நின்றுகொண்டு, கேமரா லென்ஸின் வளையத்தை ஒரு திருகு திருகினேன். அவ்வளவுதான். யானைக்கன்று சுருங்கிவிட்டது.

எவாசோ ஆற்றின் இரு கரையிலும் யானைகளை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. யானையை நிற்கவைத்து டேப் பிடிக்க முடியாது. அதனால் தூரத்தில் வண்டியை நிறுத்தி, லேசர் கருவியால் தூரத்தைப் பார்த்து, ஒரு படம் எடுப்போம். படத்தில் யானை எவ்வளவு உயரம், யானை எவ்வளவு தூரம், இரண்டையும் வைத்து என் மனைவி கர்விதா கணக்குப் போட்டு நிஜ உயரத்தைச் சொல்லிவிடுவாள். வண்டி ஓட்டுவது, படம் எடுப்பது, கர்விதாவைச் சிரிக்கவைப்பது மூன்றும் என் பொறுப்பு. முதல் இரண்டையும் பற்றி இதுவரை புகார் இல்லை.

இந்தக் கணக்கு சரியாக வர, லென்ஸ் உலகத்தை எவ்வளவு சுருக்கிக் காட்டுகிறது, ஓரங்களில் எவ்வளவு வளைத்துக் காட்டுகிறது என்று முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். புது லென்ஸ் வந்தால் முதல் வேலை அதைக் கண்டுபிடிப்பதுதான். எங்கள் லென்ஸின் வளையம் யானைத் தூரத்துக்கு, அதாவது அறுபது எழுபது மீட்டருக்கு, ஒரேயடியாக வைத்து நாடா ஒட்டப்பட்டிருக்கும். வளையத்தின் குறுக்கே ஊசியால் கீறிய ஒரு கோடும் உண்டு. அதை யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை அது.

ஏப்ரலில் புது லென்ஸ், கோடும் நாடாவும் போட்டே, வந்தது. கர்விதா அப்போது நன்யுகி நகரத்தில், எங்கள் மகள் கனானாவின் காய்ச்சலுக்குத் துணையாக இருந்தாள். தொலைபேசியில் சொன்னாள்: "கொட்டகையில கட்டப் பலகைய தொங்கவிடு. சாய்ச்சு, திருப்பி, அம்பது படம் எடு. வேற எதையும் தொடாத."

கட்டப் பலகை என்பது சதுரங்கப் பலகை மாதிரிதான், சாப்பாட்டு மேசை அளவு. தொங்கவிட்டேன். கேமராவில் கண்ணை வைத்தேன். மூன்று மீட்டரில் இருந்த பலகை, டீயில் ஊறிய ரொட்டி மாதிரி தெரிந்தது. யானைத் தூரத்துக்கு வைத்த லென்ஸுக்கு மூக்கடியில் இருப்பது எப்படித் தெரியும்?

நான் இந்த வேலைக்கு வருமுன் மேரு நகரத்தில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். அந்தத் தொழிலில் மணப்பெண்ணின் பெரியப்பா மங்கலாக விழுந்தால் மறுநாள் கடைக்கு ஆள் வரும். ஆகவே மங்கலான ஐம்பது படத்தை, அதுவும் மனைவிக்கு, அனுப்ப எனக்குக் கை வரவில்லை. நாடாவை உரித்தேன். வளையத்தைத் திருகினேன். கட்டங்கள் கத்தி மாதிரி நின்றன. ஐம்பது படம் எடுத்தேன். பிறகு வளையத்தை அந்த ஊசிக்கோட்டுக்கே கொண்டுவந்து, நாடாவை ஒட்டிவிட்டேன். 'வேறு எதையும் தொடாதே' என்றாள்தான். ஃபோகஸ் பண்ணுவதைத் தொடுவதில் சேர்க்கலாமா என்ன? அது மரியாதை.

மறுநாள் கர்விதாவிடமிருந்து செய்தி வந்தது: "இவ்வளவு சுத்தமா கணக்கு எப்பவுமே வந்ததில்ல, பாபா கனானா." கோபம் இருந்தால் அவள் என்னைக் கிதோங்கா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பாபா கனானா, அதாவது கனானாவின் அப்பா என்றால், நான் நல்லவன். அந்தச் செய்தியை முகாமில் இருந்த எல்லாரிடமும் காட்டினேன். சமையல்காரர் ஜிலோவிடம் இரண்டு முறை காட்டினேன்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். லென்ஸ் பக்கத்தில் பார்க்கும்போது கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டும். தூரத்தில் பார்க்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுத்து நீண்டால் எல்லாம் கொஞ்சம் பெரிதாக விழும். நான் கழுத்து நீண்ட லென்ஸை கர்விதாவின் கணினிக்கு அறிமுகப்படுத்திவிட்டு, கழுத்தை இழுத்துக்கொண்ட லென்ஸால் யானைகளைப் படம் எடுத்தேன். கணினி என்ன செய்யும்? 'இந்த லென்ஸ் எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டுமே' என்று ஒவ்வொரு யானையையும் கொஞ்சம் வெட்டிக் குறைத்தது.

பெரிய யானைகளை ஆண்டுக்கு ஒருமுறைதான் அளப்போம். அதனால் அவை குள்ளமானது யாருக்கும் தெரியவில்லை. மாட்டிக்கொண்டது கிஜிகோ.

கிஜிகோ என்றால் கரண்டி. அதன் அம்மா சுஃபுரியா, அதாவது சட்டி. அந்தக் குடும்பத்துக்கே சமையலறைப் பெயர்கள். வைத்தவர் எங்கள் காவலர் லெங்கேஸ். வைத்த அன்று மதியம் அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

சுஃபுரியாவின் முன்காலில் போன வறட்சியில் ஒரு கண்ணிக் கம்பி இறுகி, எலும்புவரை அறுத்துவிட்டது. கம்பியை எடுத்தாயிற்று, நொண்டல் போகவில்லை. நொண்டும் யானை தூரத்துப் புல்லுக்குப் போக முடியாது. புல் இல்லையென்றால் பால் இல்லை. பால் இல்லையென்றால் கரண்டி வளராது. கால்நடை மருத்துவர் ஒச்சோலா மார்ச்சில் ஒரு முடிவு சொல்லியிருந்தார். இப்போது ஒரு முறை அளப்போம், ஜூனில் ஒரு முறை அளப்போம். வளர்ந்திருந்தால் அம்மாவோடு இருக்கும். வளரவில்லையென்றால் மயக்க ஊசி போட்டு நைரோபிப் பக்கம் உள்ள அநாதைக் குட்டிகள் காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே நல்ல மனிதர்கள்தான், புட்டியில் பால் கொடுத்து, போர்வை போர்த்திப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அதன்பிறகு அது சுஃபுரியாவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்காது. சுஃபுரியா ஏற்கெனவே ஒரு கன்றை இழந்தவள்.

மார்ச்சில், பழைய லென்ஸில், கிஜிகோ நூற்றுப்பன்னிரண்டு சென்டிமீட்டர். ஜூனில், நான் அவ்வளவு அழகாகப் படம் எடுத்துக் கொடுத்த புது லென்ஸில், நூற்றுப்பன்னிரண்டு சென்டிமீட்டர்.

கர்விதா அந்த எண்ணை வயர்லெஸ்ஸில் மருத்துவரிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை. அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, "திங்கக்கிழமை லாரியோட வர்றேன்," என்றார்.

நான் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டேன். "கொண்டுபோயிடுவீங்களா டாக்டர்?"

"பார்ப்போம்."

டாக்டர் ஒச்சோலாவிடம் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். டீ வேண்டுமா என்றாலும் பார்ப்போம். மழை வருமா என்றாலும் பார்ப்போம். நேரான பதில் எனக்கு யாரிடமிருந்தும் கிடைக்காது என்பது வேறு கதை. நான் கேள்வியையே கோமாளி வேஷம் போட்டு அனுப்புகிறவன், பதில் எப்படி நேராக நடந்து வரும்?

மறுநாள் காலை லெங்கேஸ் முகாமுக்கு வந்தார். அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே நடப்பவர் அவர். வந்தவர் உட்காரவில்லை.

"உங்க கேமரா பொய் சொல்லுதும்மா," என்றார் கர்விதாவிடம்.

"கேமரா எதுக்குண்ணே பொய் சொல்லப்போகுது?"

"எனக்குத் தெரியாது. மார்ச்சுல அந்தக் கன்னு அம்மா வயித்துக்கடியில நிமிந்து நடந்துச்சு. இப்ப முதுகு இடிக்குது. சுஃபுரியா குட்டையாயிட்டாளா?"

கர்விதா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எழுந்திரு. போய் அந்த முள்மரத்தடியில நில்லு."

"நானா? எதுக்கு?"

"முகாம்ல உயரம் தெரிஞ்ச ஒரே பிராணி நீதான்."

போய் நின்றேன். அவள் தூரம் பார்த்து, படம் எடுத்து, வண்டிக்குள் மடிக்கணினியைத் தட்டினாள். நான் திரும்பி வந்தபோது லெங்கேஸ் தன் சிரிப்பை மறைக்கக் குச்சியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நூத்தி அறுபத்தஞ்சரை," என்றாள் கர்விதா.

"பாத்தியா! கேமரா தப்பு!"

"எப்படிச் சொல்ற?"

"என் உயரம் நூத்தி எழுபத்தி நாலு."

"அது என்னப் பொண்ணு கேட்டு, எங்கப்பாகிட்ட சீர் ஆடு பேச வந்த அன்னைக்கு நீ சொன்ன உயரம். நான் நிஜ உயரத்தக் கேக்கறேன்."

லெங்கேஸ் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். ஒரு யானைக்கன்றின் வாழ்க்கை என் கையில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் கட்டிக் காத்த மூன்று சென்டிமீட்டரும் கையில் இருந்தது.

"எழுபத்தி ஒண்ணு," என்றேன்.

"தெரியும். அப்பவே தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும்." அவள் முகத்தில் சிரிப்பு வந்து போய்விட்டது. "அப்ப அஞ்சரை சென்டி குறையுது. நூத்துக்கு மூணு. இது தூரத்துத் தப்பு இல்ல, லேசரை நேத்துதான் பாத்தேன். லென்ஸ் கணக்குத் தப்பு. கிதோங்கா, ஏப்ரல்ல பலகைய எடுத்தப்ப வளையத்தத் தொட்டியா?"

பெயர் சொல்லிவிட்டாள்.

"தொடல," என்றேன். "லேசா... வழி காட்டினேன்."

"எவ்வளவு வழி?"

"கட்டம் கூர்மையா தெரியற வரைக்கும். அப்புறம் கோட்டுக்கே கொண்டுவந்து வெச்சிட்டேன், சத்தியமா."

நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்தாள். "மூணு மீட்டர்ல இருக்கற பலகை எப்படி இவ்வளவு கூர்மையா விழுந்துச்சுன்னு நான் கேட்டிருக்கணும். அழகா இருந்துச்சு. கனானா மடியில தூங்கிட்டிருந்தா. அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்."

அவள் அப்படிச் சொன்னது திட்டியதைவிட மோசமாக இருந்தது. "மூணு பர்சன்ட் கூட்டிட்டா போச்சு," என்றேன், ஆறுதலாக. "கன்னு நூத்திப் பதினாறாயிடும்."

"நீ படத்துக்கு நடுவுல நின்ன. கன்னு எப்பவும் ஓரத்துலதான் நிக்குது, அம்மா நடுவ விட்டுக்குடுக்க மாட்டேங்கறா. ஓரத்துல லென்ஸ் எவ்வளவு வளைக்குதுன்னு எனக்குத் தெரியாது. புருஷன் உயரத்த வெச்சு ஒரு கன்னோட கதிய முடிவு பண்ணுங்கன்னு டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா? மறுபடியும் முழுசா செய்யணும். இன்னைக்கே."

"அறுபது மீட்டர்ல பலகைய வெக்கலாமே," என்றார் லெங்கேஸ். "அப்ப கூர்மையாத் தெரியும்."

"அவ்வளவு தூரத்துல வெச்சா தபால் தலை மாதிரி தெரியும்ணே. படம் நெறையணும்னா சர்ச் சுவர் அளவுக்குப் பலகை வேணும், காத்துல ஆடாம." அவள் எழுந்தாள். "பக்கத்துல வெச்சுதான் எடுக்கணும். மங்கலாத்தான் எடுக்கணும். கட்டம் இவ்வளவு மங்கலுக்குத் தாங்காது. வேற ஒண்ணு தாங்கும். அதுக்கு நல்ல பெரிய டிவி வேணும்."

முகாமில் ஒரே ஒரு நல்ல பெரிய டிவிதான். அது உணவுக்கூடத்தில், ஜிலோவின் ஆட்சியில் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நைரோபியின் இரண்டு கால்பந்து அணிகள் மோதும் நாள். அந்த ஆட்டத்துக்காக ஜிலோ வெள்ளிக்கிழமையே இறைச்சியை ஊறப்போட்டிருந்தார். பக்கத்து முகாம்களிலிருந்து நாற்காலிகளோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் போய்க் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் ஜிலோ.

"யானைக்கு."

"யானை மேட்ச் பாக்குதா?"

"ஜிலோ அண்ணே, வெளையாடல. கிஜிகோவ நாளைக்குக் கொண்டுபோயிடுவாங்க."

"நீ எப்ப வெளையாடுற, எப்ப வெளையாடலன்னு உன் பொண்டாட்டிக்கே தெரியாது." ஆனால் அவர் கை டிவியின் பின்னால் மின்கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது. "ரெண்டாவது பாதிக்குள்ள திரும்பி வரணும். இல்லன்னா உன்ன அடுப்புல வெப்பேன்."

டிவியை நானும் லெங்கேஸும் சவப்பெட்டி மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்தோம். பின்னால் நாற்காலிக்காரர்கள் எங்கள் முன்னோரைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார்கள்.

கொட்டகை சன்னல்களுக்கு லெங்கேஸின் சிவப்புப் போர்வைகளைக் கட்டி இருட்டாக்கினோம். கேமரா முக்காலியில், வளையம் ஊசிக்கோட்டில், மேலே புது நாடா. கர்விதா மடிக்கணினியை டிவியோடு இணைத்தாள். திரையில் வரிகள் வந்தன. கறுப்பு மெல்லச் சாம்பலாகி, சாம்பல் மெல்ல வெளுத்து, வெளுப்பு மெல்ல மறுபடி கறுப்பாகும் வரிகள். எங்கேயும் விளிம்பு இல்லை, எல்லாம் அலை. ஒவ்வொரு படத்துக்கும் அவை கொஞ்சம் பக்கவாட்டில் நகரும், பிறகு படுத்துக்கொண்டு மேலும் கீழும் நகரும்.

கேமராவில் பார்த்தேன். எல்லாம் ஒரே பனி.

"மங்கலா இருக்கு," என்றேன்.

"தெரியும்."

"ரொம்ப மங்கலா இருக்கு."

"உன் ரெண்டு கையையும் எடுத்து அடியில வெச்சு உக்காரு."

"அப்புறம் பொத்தான யாரு அழுத்துவா?"

"சரி, எடது கைய மட்டும் அடியில வெச்சுக்கோ. வளையத்துக்குப் போற கை அதுதான்."

அப்படியே உட்கார்ந்தேன். எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் கண்ணெதிரே மங்கலான படம், விரலுக்கெட்டும் தூரத்தில் வளையம், நடுவில் சும்மா இருப்பது என்பது என்னைப் போன்றவனுக்கு நோன்பு. என் இடது கை அடியில் கிடந்து துடித்தது.

"இப்படி ஊதிப்போனா கோடு எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உன் தொப்ப கல்யாணத்தப்ப இருந்த மாதிரியா இருக்கு?"

"இப்ப எதுக்கு அது?"

"நாலா பக்கமும் சமமா ஊதியிருக்கு. தொப்புள் எங்க இருக்கு?"

"நடுவுல."

"கல்யாணத்தப்ப?"

"...நடுவுல."

"அவ்வளவுதான். மங்கல்ங்கறது கோட்ட எல்லாப் பக்கமும் சமமா ஊதவெக்கும், நகத்தாது. விளிம்பு இருக்கற கட்டமா இருந்தா விளிம்பு செதைஞ்சிடும். அலை மங்கினாலும் அலைதான், கொஞ்சம் வெளுத்த அலை. கறுப்போட உச்சி எந்த எடத்துல இருந்துச்சோ அங்கயேதான் இருக்கும். எனக்கு அந்த எடம் மட்டும் போதும்." அவள் திரையைத் தட்டினாள். "இன்னொண்ணு. கூர்மையா எடுத்தா டிவியோட புள்ளியெல்லாம் தனித்தனியாத் தெரிஞ்சு கணக்கக் கெடுக்கும். மங்கல்ல எல்லாம் பால் மாதிரி கலந்திடும். இங்க மங்கல் நமக்கு நல்லது."

என் வாழ்க்கையில் மங்கலுக்கு யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மேருவில் பழைய கடை முதலாளி கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஒரு வரிசை முடிந்ததும் டிவியைச் சாய்க்க வேண்டும், திருப்ப வேண்டும், படத்தின் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் லெங்கேஸ் டிவியைக் கட்டிப்பிடித்து, அவள் சொன்ன பக்கம் கொண்டுபோனார். அவர் மூச்சு விட்டாலும், "அசையாதீங்கண்ணே!" என்பாள். நடுவில் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. ஜிலோவின் தலை.

"என்ன ஸ்கோர்?" என்றேன்.

"அத நான் உன்னக் கேக்கணும்!" அவர் திரையை உற்றுப் பார்த்தார். "இது எந்த ஆட்டம்? ரெண்டு பக்கமும் வரிக்குதிரையா?"

"கதவ மூடுங்க ஜிலோ அண்ணே," என்றாள் கர்விதா.

"யாரு கோல் போட்டதுன்னாவது சொல்லும்மா, வெளியில சொல்லணும்."

"யாரும் போடல. எல்லாரும் ஒரே வரியில நிக்கறாங்க."

அவர் போனார். வெளியே, 'உள்ளே டிவி பைத்தியமாகிவிட்டது, ஆட்களும்தான்' என்று அவர் அறிவிப்பது கேட்டது. யாரோ வானொலியைக் கொண்டுவந்தார்கள். மீதி ஆட்டத்தை அவர்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து காதால் பார்த்தார்கள். ஒரு கோல் விழுந்த சத்தத்தில் டிவி ஆடியது. லெங்கேஸ் கத்தவில்லை, ஆனால் அவர் முழங்கால் கொண்டாடியது. அந்த வரிசையை மறுபடி எடுத்தோம்.

கணக்கு முடிய மாலை ஆயிற்று. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். கணக்கில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணினி காட்டிய எண் ஏப்ரலில் வந்ததைவிடப் பெரியது.

"போன தடவை இதைவிடச் சுத்தமா வந்துச்சே?"

"போன தடவை வேற ஒரு லென்ஸப் பத்தி ரொம்பச் சுத்தமாச் சொல்லுச்சு. இது நம்ம லென்ஸப் பத்திச் சொல்லுது." அவள் ஜூன் படத்தை எடுத்தாள். சுஃபுரியா நடுவில் மலை மாதிரி, ஓரத்தில் கிஜிகோ தன் காதை ஆட்டிக்கொண்டு. பாதத்தில் ஒரு புள்ளி வைத்தாள், தோளில் ஒரு புள்ளி வைத்தாள். நூற்றுப்பதினாறு.

லெங்கேஸ் போர்வைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்தார்.

"என் மேல கோபமா?" என்று அவளைக் கேட்டேன்.

"டிவியத் தூக்கு."

திங்கட்கிழமை காலை டாக்டர் ஒச்சோலா வந்தார். பின்னால் கூண்டு வைத்த லாரி, அதன் பின்னால் பால்பொடிப் பெட்டிகளோடு ஒரு ஜீப். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி, யாரையும் அவசரப்படுத்தாத குரல். கர்விதா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள், என் திருகல் உட்பட. அவர் கேட்டுக்கொண்டே எண்ணெயில் பொரித்த ஒரு மண்டாஸியைத் தின்றார்.

"மங்கலா எடுத்த படத்த வெச்சு அளவு திருத்தினீங்களா?"

"ஆமா டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். "இது உன்னோட ஜோக்கா?"

"இல்ல டாக்டர். என்னோட ஜோக் ஏப்ரல்ல நடந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "கர்விதா, எனக்கு அந்தக் கன்ன எடுத்துட்டுப் போகணும்னு ஆசை இல்ல. போற வழியிலேயே செத்த கன்னுங்க உண்டு. ஆனா அம்மாகூட இருக்கட்டும்னு விட்டு, ஒரு வாரம் கழிச்சுப் பொதர்ல எலும்பாப் பாத்ததும் உண்டு. சனிக்கெழம ஒரு எண்ணு சொன்ன. திங்கக்கெழம வேற எண்ணு சொல்ற. நான் எத நம்பறது?"

அது நியாயமான கேள்வி. கர்விதா அதைத்தான் எதிர்பார்த்தவள் போலத் தலையாட்டினாள். "நீங்களே சோதிச்சுப் பாருங்க. எனக்குத் தெரியாத எதையாவது."

அவர் எழுந்து லாரிக்குப் போனார். கூண்டுக்குள்ளிருந்து ஒரு மூங்கில் கழியை எடுத்தார். அதன் நீளம் அவருக்கு மட்டும்தான் தெரியும். தூரத்துப் புதர் வரை நடந்துபோய், கழியை நட்டுவைத்துப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு தூரத்தில், கழியோடு ஆடு மேய்ப்பவர் போல இருந்தார். அவர் நடுவில் விழும்படி கேமராவைத் திருப்பப் போன என்னை, "வேணாம்! நான் ஓரத்துலயே நிக்கறேன். கன்னு நிக்கற மாதிரி!" என்று கத்தித் தடுத்தார்.

எடுத்தேன். அவள் கணக்கிட்டாள். அவர் வியர்வையோடு திரும்பி வந்தார்.

"நூத்தி நாப்பத்தி மூணு," என்றாள் கர்விதா. "அரை சென்டி கூடக் கொறைய."

டாக்டர் ஒச்சோலா கழியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டாக்டர், சரியா?" என்றேன்.

"வண்டிய எடு. ஆத்துக்குப் போவோம்."

லாரியும் எங்கள் பின்னால் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியில் அதன் கூண்டு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கர்விதா பின்னிருக்கையில் கேமராவை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். நான்கூடப் பேசவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

லெங்கேஸ் முன்பே போய்க் காத்திருந்தார். கை காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சமையலறைக் குடும்பம் அக்கரையில் பனைகளுக்குக் கீழே இருந்தது. சுஃபுரியா மூன்று காலில் நின்றுகொண்டு, நான்காவதைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தாள். கிஜிகோ கரைமேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஏறி, சறுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே தண்ணீருக்குள் வந்து விழுந்தது. மறுபடி ஏறியது. சுஃபுரியா திரும்பிப் பார்க்காமலே தும்பிக்கையை நீட்டி அதன் பின்புறத்தைத் தாங்கினாள்.

"எடு," என்றார் டாக்டர்.

மேட்டின் மேல் அது பக்கவாட்டில் நிமிர்ந்து நின்ற நொடியில் எடுத்தேன். இடது கை தொடையின்மேல் இருந்தது, யாரும் சொல்லாமலே. கர்விதா இரண்டு புள்ளிகள் வைத்தாள். எண்ணை உரக்கப் படிக்காமல், மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். பிறகு தொலைநோக்கியை எடுத்து கன்றின் விலாவை, கன்னக் குழியை, காதுக்குப் பின்னால் இருக்கும் தோலை வெகுநேரம் பார்த்தார். கிஜிகோ அம்மாவின் முன்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்தது. முதுகு இடித்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு பால் குடித்தது.

எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்குவரை வந்தது. கூண்டைப் பற்றியது, நல்ல பேச்சுதான். அதை விழுங்கிவிட்டு, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"டாக்டர், கன்ன கொண்டுபோறீங்களா?"

அவர் தொலைநோக்கியை இறக்கினார். என்னை நேராகப் பார்த்தார்.

"இல்ல கிதோங்கா. கொண்டுபோகல. கன்னு வளருது, பால் இருக்கு. அம்மாகூடவே இருக்கட்டும்."